குரலூக்கி

"எந்திரி கண்ணு, சன்னல் வரைக்கும் நடந்துட்டு வந்துரலாம்" என்றது தெய்வானையின் குரல்.

தெய்வானை வாயே திறக்கவில்லை. கட்டிலுக்கு மறுபுறம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது நிறைமதி எழுந்து நடந்தாள். திரும்பி வந்ததும் தன் அம்மா தெய்வானை நீட்டிய கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி அவள் மேலேயே எறிந்தாள். தலைமாட்டில் பேசிய பெட்டியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கோவையின் அந்தப் புற்றுநோய்ப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலுக்கும் குரலூக்கி என்ற இப்படியொரு பேசும் பெட்டி இருந்தது. மருந்தின் கடுமையில் துவண்டு கிடக்கும் பிள்ளைகளை நடக்கவும் சாப்பிடவும் வைப்பது அதன் வேலை. தோளில் ஒட்டிய உணரி வழியாக மூச்சையும் நாடியையும் தசையின் களைப்பையும் அறிந்து, உடம்பு தாங்கும் நேரம் பார்த்துப் பேசும். அந்நியக் குரலுக்குப் பிள்ளைகள் மசியவில்லை என்பதால், அவர்கள் மிகவும் நம்பும் குரலை அதற்குக் கொடுத்தார்கள். தெய்வானையும் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள்.

இப்போது மகள் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

கஞ்சி வழியும் சேலையோடு போய் மருத்துவர் ஷெரீனிடம் சண்டை பிடித்தாள். என் குரலை வைத்தே என் பிள்ளையை எனக்கு எதிரியாக்கிவிட்டீர்கள், அதை நிறுத்துங்கள் என்றாள். ஷெரீனும் விட்டுக்கொடுக்கவில்லை.

"போன மாசம் அவளால நிக்கவே முடியலைங்க. இப்ப நடக்கறா, எடையும் ஏறியிருக்கு. இதையா நிறுத்தச் சொல்றீங்க?"

தெய்வானை ஆத்திரத்தோடு திரும்பி வந்து பெட்டியின் இணைப்பைத் தானே பிடுங்கிப் போட்டாள். மதியச் சாப்பாடு வந்தது. அவித்த முட்டையை எடுத்து மகளின் வாயருகே கொண்டுபோனாள். நிறைமதி உதட்டை இறுக்கிக்கொண்டாள். தெய்வானை கெஞ்சினாள், மிரட்டினாள், தாடையைப் பிடித்துத் திறக்கவும் பார்த்தாள்.

நிறைமதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ பேசாதம்மா. அந்தப் பொட்டியையே பேசச் சொல்லு. எனக்கு வலிச்சா அது நிறுத்திக்கும். நீ நிறுத்தவே மாட்ட."

தெய்வானை முட்டையைத் தட்டில் வைத்தாள். குனிந்து இணைப்பைச் செருகினாள். பெட்டி மகளின் மூச்சை அளந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் காத்திருந்தது. பிறகு மெதுவாக, பாதி முட்டை போதும் என்றது.

நிறைமதி சாப்பிட்டாள். தன் குரல் மகளைப் பாராட்டுவதைத் தெய்வானை வாயைப் பொத்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.