வாசனை இல்லாத ஓமம்

ஓமத்தில் வாசனையே இல்லை.

மாதேஸ்வரி இன்னொரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். மூக்கோடு ஒட்டி இழுத்தும் பார்த்தாள். மண்ணை முகர்ந்தது மாதிரி இருந்தது. குந்தாரப்பள்ளி சந்தையில் அந்த ஆள் பிள்ளை மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்த சரக்கு இது. பழசைத் தலையில் கட்டிவிட்டான் படுபாவி.

கட்டிலில் சுவேதா போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு இழுப்பு. போன வருஷம் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியில் வாயு கசிந்தபோது லைன் வீட்டுச் சனம் மொத்தமும் கட்டிய துணியோடு ஓடியது. ரேஷன் கார்டையும் தாலிச் சங்கிலியையும் யாரும் மறக்கவில்லை. மாதேஸ்வரியும்தான். பேரிகை ரோட்டில் போய் நின்ற பிறகுதான் இன்ஹேலர் அலமாரியிலேயே கிடப்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் பிள்ளையின் உதடு நீலமாகிப்போயிருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பை. ஓடும்போது யாருக்கும் நினைவு வராத சாமான்களாகப் பார்த்துச் சேர்த்திருந்தாள். பழைய மூக்குக் கண்ணாடி, குழந்தையின் செருப்பு, ஒரு விசில், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி, எல்லாவற்றுக்கும் மேலே இன்ஹேலர். அதோடு சுக்கு, கருஞ்சீரகம், துணியில் முடிந்த ஓமம். மழைக்காலம் வந்தால் பையைக் கொட்டி, பழையதை மாற்றி, திரும்ப அடுக்குவாள். புருஷன் கோவிந்தன் பார்த்துவிட்டு, "உங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பிட்டியா?" என்று கிண்டல் செய்வான்.

அவன் வேலை பார்ப்பது வேறு கம்பெனி. இன்றைக்கு செகண்ட் ஷிப்ட். மதியத்திலிருந்து விடாத மழையில் சாயங்காலமே இருட்டிக் கரண்ட்டும் போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில்தான் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை பிடித்தால் அந்தக் கம்பெனி கழிவுத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் தெருவெல்லாம் அடிக்கும். அதற்கு என்ன செய்வதென்று லைன் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணியை அடைத்து, தணலில் வேப்பிலைச் சருகும் சாம்பிராணியும் போட்டு உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிடும். இன்றைக்கும் அப்படித்தான் நின்றது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

பாத்ரூம் ஓட்டையில் மட்டும் தண்ணீர் குளுக் குளுக்கென்று கொப்பளித்துக்கொண்டே இருந்தது.

தூதுவளைக் கசாயத்தை எவர்சில்வர் பாட்டிலில் சூடாக ஊற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பையைச் சுவேதாவின் பக்கத்தில் கிடத்தி, ரோட்டில் நிற்க நேர்ந்தால் போர்த்த ஆகுமென்று ஒரு கம்பளியை அதன் மேல் சுற்றினாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. மறுபடி அடித்தது. நிற்காமல் அடித்தது.

"ரோஷன் பீ அக்கா! அடுப்ப அணைங்க!" என்று சுவரைத் தட்டினாள்.

குக்கர்தான் கத்தியது.

எரிந்துகொண்டிருந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி மாடத்திலிருந்து கற்பூரத்தை எடுத்து முகர்ந்தாள். வாசனை இல்லை. ஜன்னலோரத் தொட்டியில் கற்பூரவல்லி இலையைக் கிள்ளி நசுக்கினாள். கை பிசுபிசுத்தது. வாசனை இல்லை. தணலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் வாசனை இல்லை.

சந்தைக்காரன் ஏமாற்றவில்லை.

போன் அடித்தது. கோவிந்தன்.

"மாதேசு, ஓடைல என்னத்தையோ தொறந்து வுட்டுட்டாங்களாம். அங்க நாத்தம் அடிக்குதா?"

"அடிச்சுதுங்க. இப்ப சுத்தமா நின்னுபோச்சு."

பின்னால் மிஷின் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஏங்க?"

"நாத்தம் நிக்கல மாதேசு. உன் மூக்குதான் செத்துப்போச்சு. அந்த வாயு மொதல்ல மூக்கத்தான் அடிக்கும்னு எங்க கம்பெனில சொல்லியிருக்காங்க. சாக்கடை வழியா வூட்டுக்குள்ள ஏறியிருக்கும். பாப்பாவத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு. ஓடு!"

இவள் வெளியே போகவிடாமல் அடைத்தது அதைத்தான்.

டார்ச் கைநழுவி உருண்டு அணைந்தது. இருட்டு. தலை கிறுகிறுத்தது. கட்டிலைத் தடவினாள். கம்பளி. கனம். கதகதப்பு. வாரி மாரோடு அணைத்தாள். ஈரத் துணியைக் காலால் எத்தினாள். தாழ்ப்பாள். கதவு. மழை.

ஓடினாள். எதிர் மேட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் விழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சு இரைத்தது.

"வந்துட்டேங்க. மேட்டுல இருக்கேன்."

"பாப்பா?"

"மடியிலதான். தூங்குறா." முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வெதுவெதுவென்றிருந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு. ஒண்ணுமில்ல."

"போன அவகிட்ட குடு. சத்தம் குடுக்கச் சொல்லு."

கம்பளிக்குள் போனை வைத்தாள். "சுவேதா! பாப்பா!" என்று அப்பன் கூப்பிடுவது கேட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். முகம் எங்கேயென்று அவள் விரலால் தேடினாள்.

ஜிப் தட்டுப்பட்டது.

எழுந்தாள். கால் மடங்கியது. கையை ஊன்றினாள். கையும் மடங்கியது. கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

விட்டு விட்டு வெட்டிய மின்னலில் கீழே லைன் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எல்லாக் கதவின் அடியிலும் ஈரத் துணி. அவள் வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரே கருப்பு.

அந்தக் கருப்பிலிருந்து, நிலைப்படிக்கு மேலாக, சின்னதாக ஒரு கை வெளியே வந்தது. வாசல் தரையை இங்கும் அங்கும் தடவியது. பிறகு மழையில் அப்படியே கிடந்தது.