பங்களாத் தொட்டி நிறையவில்லை

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே, புளியமரச் சாலை முடியும் இடத்தில் இருந்தது துரைமார் தங்கும் பங்களா. சென்றாயன் அங்கே வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தோளில் சாக்குப்பை. அதற்குள் ஸ்பானர், சணல், பட்டணத்திலிருந்து வந்த புதுப் பித்தளை வால்வு. யுத்த காலத்தில் அது தங்கத்துக்குச் சமம்.

வாட்ச்மேன் கோவிந்தன் படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

"கக்கூஸ் இன்னும் ஒழுகுதாங்கண்ணா?"

"கேக்கலியா உனக்கு?"

கேட்டது. யாரும் சங்கிலியை இழுக்காமலே பீங்கானுக்குள் சளசளவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

போன கோடையிலேயே பார்த்த ஒழுகல்தான். வால்வு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே சொன்னான். பங்களா வேலைகளைப் பார்க்கும் ஓவர்சியர் சிரித்தார். "வால்வு வாங்குற காசுல வருசம் பூரா தண்ணிக்காரி வெச்சுக்கலாம்டா. உன் பொண்டாட்டியே வரட்டும். உன் வூட்டுக்கும் ஆச்சு."

முனியாயி வந்தாள். கிணற்றில் சேந்தி, குடத்தைத் தலையில் ஏற்றி, பின்பக்க ஏணியில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் ஊற்றுவாள். மேலே ஊற்ற ஊற்றக் கீழே கக்கூஸில் ஓடிவிடும். "ஓட்டை அடைக்கறவனுக்கு வாக்கப்பட்டு ஓட்டைக்குத் தண்ணி ஊத்தறேன். நல்ல சோடிதான் போ மாமா" என்று கேலி பேசுவாள்.

ஆடி மழையில் ஏணி வழுக்கியது. குடம் நசுங்கலோடு தப்பியது. அவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஏணியில் ஏற ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஓவர்சியருக்கு வால்வு மலிவாகத் தெரிந்தது.

பிள்ளை இல்லாததால் சென்றாயன்தான் கொள்ளிக்குடம் சுமந்தான். பின்னால் வந்த பங்காளி அரிவாள் மூக்கால் குடத்தில் துளையிட்டார். தண்ணீர் பீச்சியது. ஒழுகலைக் கண்டால் அடைத்தே பழகிய கை. அவனை அறியாமலே கட்டைவிரல் போய்த் துளையை மூடிக்கொண்டது.

"வெரல எடுடா, அவ போவ வேணாமா?" என்று பங்காளி அதட்டினார்.

எடுத்தான். அதற்குள் ஒரு சுற்று முடிந்திருந்தது.

"இப்ப யாருண்ணா தண்ணி ஊத்தறது?" என்று படியில் நின்ற கோவிந்தனைக் கேட்டான்.

கோவிந்தன் குரலைத் தாழ்த்தினார். "அதாம்ப்பா சொல்லணும்னு இருந்தேன். மேல யாரும் ஏறல. தொட்டி எப்பவோ காஞ்சிருக்கணும்."

சென்றாயன் உள்ளே போனான். பாசி வாடை. சுவரில் உயரமாகப் பதித்த கக்கூஸின் சின்ன இரும்புத் தொட்டி. ஸ்டூலில் ஏறி, மூடியை விலக்கி, தேய்ந்த வால்வைக் கழற்றினான். குழாயிலிருந்து தண்ணீர் முகத்தில் பீறிட்டது. சட்டென்று கட்டைவிரலால் குழாய்வாயை அடைத்தான்.

சளசளப்பு நின்றது.

ஏணி முனகியது.

ஒரு படி. இன்னொரு படி. ஈரக்காலின் சப்தம் மொட்டைமாடியில் நடந்து, அவன் தலைக்கு நேர்மேலே நின்றது. குடம் கவிழும் ஓசை. பிறகு ஒரு பெருமூச்சு.

அந்த இளைப்பு அவனுக்குத் தெரியும். படுக்கையில் பக்கத்திலேயே கேட்டுப் பழகியது.

மக்கிய பாசி வாடையை மீறிக்கொண்டு ஆமணக்கெண்ணெய் மணந்தது. அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய்.

"முனியாயி" என்றான் மெல்ல.

விரலுக்கடியில் குழாய் நடுங்கியது. அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் பேசுவதுபோல வந்தது குரல்.

"இன்னும் ரொம்பல மாமா."

புது வால்வு இடக்கையில் கனத்தது. மாட்டினால் ஒழுகல் நின்று மாடித் தொட்டி நிறையும். நிறைந்தால் அவள் ஏற வேண்டியதில்லை. ஏறாவிட்டால், இந்தக் காலடியும் இல்லை. வால்வு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? நாளைக்கும் வரலாம். நாளை மறுநாளும்.

மேலே மறுபடி ஏணி முனகியது. இந்தத் தடவை படிக்குப் படி நின்று நின்று வந்தாள். மூச்சு வாங்கியது. குடம் கவிழ்ந்தபோது கூடவே ஒரு விம்மல்.

"இடுப்பு வுட்டுப்போச்சு மாமா."

அவன் விரலை எடுத்தான். தண்ணீர் அவன் கண்ணையும் வாயையும் நிறைத்தது. குருடன்போலத் தடவி, சணல் சுற்றி, வால்வைத் திருகினான். கடைசித் திருகுக்குக் கை வரவில்லை.

"போதும் புள்ள. எறங்கு."

திருகினான்.

மிதவை மெல்ல எழும்பியது. நீரோசை நூலாக மெலிந்து அறுந்தது. மேலே வெறுங்குடத்தைக் குப்புற வைக்கும் சத்தம். ஏணியில் இறங்கும் காலடிகள்.

பிறகு ஒன்றுமில்லை.

"நின்னுடுச்சா?" என்றார் கோவிந்தன்.

"நின்னுடுச்சுங்கண்ணா."

புளியமரச் சாலையில் பாதி தூரம் வந்து பீடி பற்றவைக்கப் பார்த்தான். தீக்குச்சி நமுத்துப் போயிருந்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் நமுத்தது. உடம்பு காய்ந்திருந்தது, வேட்டியும் காற்றில் உலர்ந்திருந்தது. கட்டைவிரல் நுனியில் மட்டும் ஒரு சொட்டு நின்றது. துடைத்தான். மறுபடி ஊறி நின்றது, ஆமணக்கெண்ணெய் மணத்தோடு.

அப்புறம் அவன் துடைக்கவில்லை. அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தான். மூடிய விரல்களின் இடுக்கில் நீர் சொட்டிக்கொண்டே வந்தது.