மூடாத துளைகள்

கண்ணாடித் தொட்டியை விரலால் தட்டினால் போதும், சேற்றிலுள்ள துளைகளெல்லாம் சட்டென்று மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிவப்பு நூல்போன்ற புழுக்கள் அத்தனையும் பயந்தாங்கொள்ளிகள். இன்று அவள் தட்டினாள். ஒன்றுகூட மூடவில்லை.

விரிகுடாவின் அடியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அவளே அள்ளிவந்த சேறு அது. மேலே ஆலைக் கழிவின் எண்ணெய் மினுமினுப்பு, கீழே அழுகிய முட்டை வாடை, இரண்டையும் சகித்துக்கொண்டு உள்ளே நெளியும் நூற்றுக்கணக்கான உயிர்கள். அங்கே உயிர் இருக்கிறதென்று நாளை தூர்வாருவது பற்றிய அரசு விசாரணையில் அவள் சொன்னால் தூர்வாரும் கப்பல் திரும்பிப் போகும். சொல்லாவிட்டால் அடிமண்ணை மிச்சமில்லாமல் சுரண்டிவிடும். கப்பலோ அவள் அண்ணனுடையது.

சாயங்காலம், மற்றவர்கள் கிளம்பியபின், அவன் வந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே சின்ன வயதில் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இன்னும் அந்தப் பயம் போகவில்லை.

"செத்த மண்ணுன்னு சொல்லிட்டுப் போயேன், பாப்பா. உனக்கென்ன?"

"உசுரு இருக்குண்ணா."

"எங்க? இப்ப இருக்கா பாரு."

தொட்டியைத் தூக்கி, தடுத்தவளைத் தோளால் இடித்துத் தள்ளி, சேற்றைச் சிங்க்கில் கவிழ்த்தான். அடிக்குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம் நெடுநேரம் கேட்டது. சேறு இறங்கவில்லை. ஏறியது. விளிம்புவரை வழவழவென்று வந்து நின்றது. அதன்மேல் துளைகள் திறந்தன.

"அடைச்சுக்கிச்சு," என்று முழங்கைவரை கையை விட்டான்.

"வேணாம்ண்ணா!"

சிரித்தான். குழாய்ச் சத்தம் நின்றது. அவன் சிரிப்பும் நின்றது.

"வலிக்கல... ஆனா எடுக்க முடியல, பாப்பா."

அவள் பாய்ந்து வந்தாள். அவன் தோளைப் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கை வந்துவிட்டது. பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துச் சேற்றைக் கழுவினாள். தோலில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை வட்ட வட்டமாகத் துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது.

அப்போதும் அவன் விடவில்லை. "நாளைக்கு... செத்துடுச்சுன்னே சொல்லிடு. என்ன?"

இத்தனை வருஷமும் அவனுக்குப் பயந்து தலையாட்டியே பழகியவள். தண்ணீரை மூடிவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாட்டேன். உசுரு இருக்கு. உன் முன்னாடியே சொல்வேன்."

அவன் வெறிபிடித்தவனாய்க் கையைச் சுவரில் அறைந்தான். மறுபடி அறைந்தான். மறுபடியும்.

ஒன்றுகூட மூடவில்லை.