நெஞ்சு பழகிய மாலை

நான்காவது மாடித் திருப்பத்தில் வழக்கமாக வரும் வலி இன்றைக்கு வரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார். அலுவலகங்கள் மூடிவிட்ட அந்த மாலையில் ஈரப் படிகளின் பினாயில் வாடையும், சுவருக்குள் எங்கோ தண்ணீர்க் குழாய் கரகரக்கும் ஓசையும், மினுக் மினுக்கென்று எரிந்த டியூப்லைட்டில் நீண்டு சுருங்கிய அவருடைய நிழலும்தான் துணைக்கு இருந்தன. ஊருக்கெல்லாம் லிஃப்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத் தான் மட்டும் படியேறுகிற மனிதரை வாட்ச்மேன் கிண்டலடிக்காத நாளில்லை. அடிக்கட்டும். இவருக்கு இது பயிற்சி.

அண்ணன் மாரடைப்பில் பிழைத்தபோது, அதற்கு முன்னால் விட்டு விட்டு வந்த சின்ன வலிகள்தான் இதயத்தைப் பழக்கித் தேற்றி வைத்திருந்தன என்றார் டாக்டர். அன்றிலிருந்து தன் இதயத்தையும் அப்படிப் பழக்க, இவர் நெஞ்சு வலிக்கும்வரை ஏறுவார், நிற்பார், விட்டதும் மறுபடி ஏறுவார்.

"அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாதுங்க. உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு! சர்க்கரை அரிச்ச இதயம் அப்படியெல்லாம் தேறாது. வலிகூடத் தெரியாமப் போயிடும்" என்று அதே டாக்டர் எச்சரித்ததை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இன்றைக்கு வலி இல்லை. ஜெயித்தாகிவிட்டது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

மேலே ஏறினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு எப்போது கழன்றதென்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பயம்கூட அடுத்த வீட்டுக்காரருடையது போலத் தள்ளி நின்றது. மனைவிக்கு போன் போட்டார்.

"வலி போயிடுச்சும்மா. நெஞ்சு பழகிடுச்சு."

"என்னங்க, நீங்க பேசுறது ஒண்ணும் கேக்கல. பக்கத்துல யாரு அப்படிக் கத்துறது?"

"இங்க யாரும் இல்லையே."

"ஐயோ, யாருங்க அது? உசிரு போற மாதிரி கத்துறாங்களே!"

மேலே பார்த்தார். யாரும் இல்லை.

கீழே. யாரும் இல்லை.

குழாய் ஓசை. அவ்வளவுதான்.

ஐந்தாவது மாடிக் கண்ணாடிக் கதவில் அவருடைய முகம் தெரிந்தது. இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

வாய் கிழிய விரிந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன.

ஒரு கை போனைப் பிடித்திருந்தது.

இன்னொரு கை, பொத்தான்கள் தெறித்துப்போன சட்டைக்குள், நகங்களில் ரத்தம் வழிய, நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.