நோட்டீஸில் உட்கார்ந்த கோழிக்குஞ்சு

ஸ்வீட்லினுக்குப் பத்து வயது. கையெழுத்து குண்டு குண்டாக, பார்க்கவே லட்டு மாதிரி இருக்கும். அவள் அப்பா சத்தியநேசனின் கையெழுத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. அவர் எழுதினால் அவருக்கே மறுநாள் புரியாது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அப்பா எலெக்ட்ரீஷியன். வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு வீடு. அதனால் மாதம் ஒருமுறை வரும் மின்தடைக்கான நோட்டீஸை எழுதுவது ஸ்வீட்லினின் வேலை. அவளே விரும்பிக் கேட்டு வாங்கிய வேலை அது.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா ஜெனரேட்டரின் பேட்டரியைத் துடைத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, அவள் சார்ட் பேப்பரில் எழுதினாள்.

"எழுதுட்டி. சனிக்கிழமை காலையில ஒன்பது மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் ஓடும். ஹீட்டர் போடாதீங்க. கெட்டில் போடாதீங்க. கரண்ட் அடுப்பு போடாதீங்க. அயர்ன் பாக்ஸ் போடாதீங்க. அம்புட்டுதான்."

இங்கேதான் ஒரு சிக்கல். படத்தை முதலில் வரைந்துவிட்டு எழுத்தைப் பிறகு எழுதுவது ஸ்வீட்லினின் பழக்கம். சார்ட்டின் கீழ்ப்பாதியில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஹீட்டர் எழுதினாள். கெட்டில் எழுதினாள். கரண்ட் அடுப்பை நெருக்கி நெருக்கி எழுதினாள். அயர்ன் பாக்ஸ் எழுத வேண்டிய இடத்தில் குஞ்சின் தலை வந்துவிட்டது. அவ்வளவு அழகான தலையை யாருக்காவது அழிக்க மனசு வருமா?

'ஒரே ஒரு வரிதானே' என்று விட்டுவிட்டாள். அப்பாவும் அவசரத்தில் படித்துப் பார்க்காமல் மாணவியர் விடுதி வாசலில் ஒட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவள் தலைக்குள் கோழிக்குஞ்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் பாண்டிசெல்வி அக்கா. விலங்கியல் படிக்கும் அந்த அக்கா, தன் ஆராய்ச்சிக்காக மம்சாபுரத்தில் உள்ள வீட்டிலிருந்து முப்பது நாட்டுக்கோழி முட்டைகளைக் கொண்டுவந்து, குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்திருந்தாள். விடுதிக்குப் பின்னால் உள்ள சின்னக் கொட்டகையில் அந்தப் பெட்டி இருந்தது. சரியாக முப்பத்தேழரை டிகிரி சூடு இருக்க வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வெளியே வரும்.

அந்த இருபத்தோராம் நாள் சனிக்கிழமை.

"பயப்படாத பாண்டிசெல்வி," என்று அப்பா சொல்லியிருந்தார். "டீசல் முட்ட முட்ட ஊத்தியாச்சு. ஓட்டியும் பாத்தாச்சு. நம்ம ஜெனரேட்டர் சிங்கம் மாதிரி ஓடும்."

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. சிங்கம் கர்ஜித்தது. ஸ்வீட்லின் கொட்டகைக்கு ஓடினாள்.

"வா வா, சீக்கிரம் வா!" என்று பாண்டிசெல்வி அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஒரு முட்டையில் சின்னதாக ஒரு கீறல். கீறலுக்குள் ஒரு மூக்கு நுனி அசைந்தது.

"காதை வச்சுக் கேளு."

"கீ..." என்று முட்டை பேசியது. ஸ்வீட்லினுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் விளக்கு அணைந்தது. சிங்கம் படுத்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எழுந்தது. மறுபடியும் படுத்தது. ஸ்வீட்லின் ஜெனரேட்டர் அறைக்குப் பறந்தாள். அப்பா வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"லோடு தாங்கலம்மா. ஹாஸ்டல்ல என்னமோ பெருசாப் போட்டுருக்காவ."

"அப்போ ஹாஸ்டல் லைனை மட்டும் நிறுத்திருங்கப்பா."

"கொட்டகைக்கு வயர் அங்கேருந்துதான் போவுது. அதை நிறுத்துனா இதுவும் நின்னுரும். தனியா வயர் இழுக்க ரெண்டு மணி நேரமாவும்." அப்பா தலையைச் சொறிந்தார். "என்னத்தப் போட்டுருப்பாவ? நோட்டீஸ்ல எல்லாத்தையும் தெளிவாத்தானே எழுதியிருந்தோம்?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஸ்வீட்லினுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த "கீ" காதிலேயே இருந்தது.

"அப்பா... அயர்ன் பாக்ஸ் எழுதல."

"ஏன்?"

"அந்த இடத்துல குஞ்சு உக்காந்திருந்துச்சு."

அப்பா சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்குப் பொங்கல் விழால்லா! அம்புட்டு பேரும் சேலை கட்டுவாவளே. அம்புட்டுச் சேலையுமா!"

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்பா!" அவர் பதில் சொல்வதற்குள் அவள் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

போகிற வழியில் கொட்டகையை எட்டிப் பார்த்தாள். பாண்டிசெல்வி அக்கா பதற்றத்தில் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அக்கா! திறந்து திறந்து பாத்தா சூடு போயிரும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஆமால்ல!" என்று அக்கா கையை உதறிக்கொண்டாள். இருவரும் காற்றுத் துளைகளை விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் மூடினார்கள். சூடு காட்டும் முள் முப்பத்தாறில் நின்றது.

விடுதியில் திருவிழாக் கூட்டம். இரவெல்லாம் கதை பேசிவிட்டு எட்டரைக்கு எழுந்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் சேலையை விரித்திருந்தார்கள். அறைக்கு அறை அயர்ன் பாக்ஸ் பிளக்கில் மாட்டியபடியே, கரண்ட் வரட்டும் என்று காத்திருந்தது.

முதல் அறையில் அனுசியா அக்கா. விழாவைத் தொகுத்து வழங்கப் போகிறவள்.

"அயர்ன் பாக்ஸைக் கழட்டிருங்கக்கா. ஜெனரேட்டர் தாங்கல."

"நான் ஒருத்திதானே பாப்பா! அஞ்சே நிமிஷம்."

அடுத்த அறை. "நான் ஒருத்திதானே!"

அதற்கடுத்த அறை. "ஐயோ, நான் ஒருத்திதானே!"

பதினாறு அறைகளில் பதினாறு ஒருத்திகள். யாரும் பொல்லாதவர்கள் இல்லை. ஓர் அக்கா கடலை மிட்டாய்கூடக் கொடுத்தாள். ஆனால் பிளக்கை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

"நோட்டீஸ்ல அயர்ன் பாக்ஸ் போடக்கூடாதுன்னு இல்லையே?" என்று ஒருத்தி நியாயம் கேட்டாள்.

"அது என் தப்புக்கா," என்றாள் ஸ்வீட்லின். இன்னும் இரண்டு மாடி இருக்கிறது. ஒவ்வொரு அறையாகக் கெஞ்சினால் முட்டை ஆறிப்போகும். சொன்னால் கேட்கமாட்டார்கள். அவள் மட்டும் எப்படிக் கேட்டாள்? காதை வைத்ததால்தானே!

அவள் அனுசியா அக்காவின் அறைக்குத் திரும்பி ஓடினாள். "அக்கா, பாண்டிசெல்வி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. ஒரு நிமிஷம்க்கா, ஒரே நிமிஷம்!"

போன் போனது. "பாண்டிசெல்விக்கா, உங்க போனைப் பெட்டியோட துளைகிட்ட வைங்க!"

மாடிப்படியின் நடுவில் நின்று ஸ்வீட்லின் போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். முதலில் கொரகொரவென்று இரைச்சல். அதன் பிறகு...

"கீ... கீ... கீச்."

சிரிப்பும் பேச்சும் சட்டென்று நின்றன. மேல் மாடிக் கைப்பிடிச் சுவரில் தலைகள் முளைத்தன.

"யாரு அது?" என்று மேலிருந்து ஒரு குரல்.

"குஞ்சுக்கா. இன்னும் பொறக்கல. ஓட்டுக்குள்ள இருந்துதான் கத்துது. கரண்ட் இல்லாம பெட்டி ஆறிக்கிட்டே வருது. நீங்க எல்லாரும் ஒருத்தி ஒருத்தியா நாப்பது பேரு இருக்கீங்க..." அவள் போனை இன்னும் உயரத் தூக்கினாள்.

அனுசியா அக்கா உள்ளே போனாள். டக். பிளக்கைப் பிடுங்கும் சத்தம். பக்கத்து அறையில் டக். மேல் மாடியில் டக், டக், டக். வெடிச்சரம் மாதிரி விடுதி முழுக்கக் கேட்டது. ஸ்வீட்லின் அப்பாவுக்குப் போன் போட்டு, "இப்போ போடுங்கப்பா!" என்று கத்தினாள்.

ஜெனரேட்டர் எழுந்தது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். படுக்கவே இல்லை.

"முள்ளு முப்பத்தஞ்சுல இருந்து ஏறுதுட்டி!" என்று போனில் பாண்டிசெல்வி அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஸ்வீட்லினுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அனுசியா அக்காவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அக்காவின் கையில் ஒரு பச்சைச் சேலை. துணிப்பெட்டியின் அடியில் கிடந்து அப்பளம் மாதிரி கசங்கியிருந்தது.

"அம்மா கொடுத்துவிட்ட சேலை," என்றாள் அக்கா. "பரவாயில்ல பாப்பா. இப்படியே கட்டிக்கிறேன்."

பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது. மற்ற அக்காமாரும் கசங்கிய சேலைகளோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவமாக இருந்தது. அதோடு, யாராவது ஒருத்திக்கு மனசு மாறிப் பிளக்கைச் சொருகிவிட்டால், பின்னாலேயே நாற்பது பேரும் சொருகுவார்கள்.

கரண்ட் இல்லாமல் தேய்க்க முடியுமா?

அடுத்த நொடி ஸ்வீட்லின் வாசலை நோக்கி ஓடினாள். வளாகத்தின் பெரிய கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் கண்ணுச்சாமியின் தேய்ப்பு வண்டி நின்றது. பேராசிரியர்கள் வீட்டுத் துணிகளை அவர்தான் தேய்ப்பார்.

"மாமா! உங்க பெட்டிக்குக் கரண்ட் வேணுமா?"

கண்ணுச்சாமி கெக்கெக்கே என்று சிரித்தார். "எம் பெட்டிக்கா? கரியப் போட்டு ஊதிவிட்டா அது பாட்டுக்கு ஓடும். ஏன் பாப்பா?"

"பதினொன்னரைக்கு விழா. அதுக்குள்ள நாப்பது சேலை தேய்க்கணும் மாமா."

சிரிப்பு நின்றது. "நாப்பதா!" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை இறுக்கிக் கட்டினார். "செத்த நேரம் பொறு. எம் வீட்டுக்காரி ஈஸ்வரியையும் இன்னொரு பெட்டியையும் கூட்டிட்டு வாரேன். அவ கை என் கையை விட வேகம்."

வண்டி விடுதி வாசலுக்கு உருண்டது. ஆனால் படிக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணுச்சாமி பிரேக் போட்டதுபோல் நின்றார். "உள்ள வரமாட்டேன். வார்டனம்மா என்னையத் தேய்ச்சிருவாவ."

அதனால் சேலைகள் வெளியே வந்தன. மேல் மாடியிலிருந்து வாசல் வரை படிக்கு ஒருத்தியாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். கசங்கியது இறங்கியது, மடிப்புக் கலையாதது ஏறியது. ஈஸ்வரி ஒரு சேலையை முடிப்பதற்குள் கண்ணுச்சாமி பாதியில் நின்றார். அதை ஈஸ்வரி சொல்லிக்காட்டாத நேரமே இல்லை. விழா அரை மணி தாமதமாகத் தொடங்கியது. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பச்சைச் சேலை விறைப்பாக நிற்க, அனுசியா அக்கா மேடையில் வணக்கம் சொன்ன அதே நேரம், கொட்டகையில் முதல் முட்டை இரண்டாகப் பிளந்தது. வெளியே வந்த குஞ்சு ஈரமாக, ஒல்லியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நோட்டீஸில் வரைந்ததில் கால்வாசி அழகுகூட இல்லை.

"எம்புட்டு அழகு!" என்றாள் ஸ்வீட்லின். மனசாரத்தான் சொன்னாள்.

விழா முடிந்ததும் அத்தனை அக்காமாரும் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலோடு கொட்டகைக்கு வரிசை கட்டி வந்தார்கள். கண்ணுச்சாமியும் ஈஸ்வரியும்கூட வந்தார்கள். "நான் தேய்ச்ச சேலையாலதான் இது பொழச்சுது," என்று கண்ணுச்சாமி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததை யாருமே கவனிக்கவில்லை. மறுநாள் காலைக்குள் முப்பது முட்டையில் இருபத்தாறு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன.

அடுத்த மாத மின்தடைக்கு ஸ்வீட்லின் மறுபடியும் நோட்டீஸ் எழுதினாள். இந்த முறை எழுத்து முதலில். அதிலும் முதல் வரியே அயர்ன் பாக்ஸ். ஹீட்டர், கெட்டில், அடுப்பு என்று சார்ட் நிறைந்துவிட்டது. அப்பா ஒரு வரி விடாமல் இரண்டு தடவை படித்தார்.

"குஞ்சு எங்கட்டி?"

"இடம் பத்தலப்பா."

அப்பா உள்ளே போய் இன்னொரு சார்ட்டை எடுத்துவந்து, அதை இதன் அடியில் வைத்துப் பசை தடவி ஒட்டினார். "இதுல வரை. அது இல்லாட்டி யாரு நின்னு படிப்பா?"

ஸ்வீட்லின் மஞ்சள் கலரை எடுத்தாள். உட்கார்ந்து இருபத்தாறையும் வரைந்தாள்.