ஆக்சில் தாங்குதா பார்

குவாரிக்குள் ஓடுகிற ஜீப்பின் அடிப்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, லாரி டயர் மாட்டி, இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்த அந்த ஜீப்பின் மேலெல்லாம் சுண்ணாம்புப் புழுதி அப்பிக் கிடக்க, அடிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்ததை அரியமுத்து குனிந்ததுமே கண்டுகொண்டான்.

பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த அவனை, உடைந்த பின் ஆக்சிலை மாற்றச் சொல்லி, அரியலூரைத் தாண்டியிருந்த அந்தக் குழிக்கு ஆள் விட்டு அழைத்திருந்தார் காண்ட்ராக்டர் வைத்திலிங்கம். எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனி வெயில். நாலு பக்கமும் வெட்டி இறக்கிய வெள்ளைப் பாறைச் சுவர்கள் கண்ணைக் கூசவைத்தன. உடைத்த கல்லைக் குவித்து வைத்திருந்த மேட்டை ஒட்டி ஜீப் சாய்ந்து நின்றது. ஒரு சம்மட்டிச் சத்தம் இல்லை, ஒரு பேச்சுக் குரல் இல்லை.

"ஆளுங்க யாரையும் காணலீங்களே?"

"மூணு நாளா லீவு வுட்டிருக்கேன். வண்டி ஒடிஞ்சதும் அன்னிக்குத்தான். நீ வேலையப் பாரு." குடையை விரித்துக்கொண்டு வைத்திலிங்கம் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

மூன்று நாள். காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், தன் தெருக்காரனான நடராசன் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை அரியமுத்து பார்த்திருந்தான். குவாரிக்குக் கல் உடைக்கப் போன தன் மனைவி பச்சையம்மாள் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை என்று அவன் அழுதான். "வந்துரும்ண்ணே, கோவிச்சுக்கிட்டு எங்கயாச்சும் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் அரியமுத்து பஸ் ஏறினான்.

ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மை இழுத்தபோது அது எளிதில் வரவில்லை. உள்ளே ஏதோ சுற்றியிருந்தது. விரலைவிட்டு நெம்பினான். எண்ணெயில் ஊறிய நீளமான தலைமயிர், கொத்தாக, நுனியில் ஒரு துண்டுச் சேலைக் கரையோடு வெளியே வந்தது. காய்ந்த ரத்த வாடையும் கிரீஸ் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. அதைப் பழந்துணிக்குள் சுருட்டி மறைத்தான். நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

உடைந்த முனை உள்ளேயே தங்கிவிட்டிருந்தது. மறுபக்கத்து ஆக்சிலையும் உருவிவிட்டு, அந்த வழியாக நீளக் கம்பியைச் செருகி, வண்டிக்கடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டினான். மூன்று தட்டு.

டொக். டொக். டொக்.

எதிரொலி என்று நினைத்தான். மறுபடி இரண்டு தட்டினான். கல்லின்மேல் கல் மோதுகிற மாதிரி, மெல்லியதாக, இரண்டு. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

டொக்.

பாறைச் சுவரிலிருந்து இல்லை. பக்கத்துக் கல்மேட்டுக்கு அடியிலிருந்து.

"என்னடா நிறுத்திட்ட?"

"அய்யா... அந்தக் கல்லுக்குள்ள..."

செருப்புப் போட்ட கால் ஒன்று வந்து ஜாக்கியின்மேல் ஏறியது. லேசாக ஆட்டியது. அவன் நெஞ்சுக்கு மேலே வண்டி முனகியது.

"கல்லுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"உம் பொண்டாட்டி பேரு கமலவேணிதான? சந்துக்குள்ள ரெண்டாவது வூடு. விசாரிச்சுட்டுத்தான் ஆள் வுட்டேன். முடிச்சுட்டு வெளிய வா."

முடித்தான். ஆக்சில்களைச் செருகும்போதும், போல்ட்டை முறுக்கும்போதும், ஒவ்வொரு இரும்புச் சத்தத்துக்கும் அடியிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் கல்லுக்கடியில் கிடந்தவளால் முடியுமா? உயிரோடுதான் இருக்கிறாளா? இல்லையென்றால் தட்டுவது எது?

ஜாக்கியை இறக்கியதும் வைத்திலிங்கம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீயே ஓட்டு. அந்தக் கல்லுமேல ஏத்து. ஆக்சில் தாங்குதா பாப்போம்."

"அய்யா, வேணாங்க. உசுரு இருக்குங்க."

"கமலவேணிக்கும் இருக்குல்ல?"

ஏற்றினான். கற்கள் நொறுநொறுவென்று சரிந்தன. ஸ்டியரிங் கையில் துள்ளியது. அடியிலிருந்து சத்தம் வேகமாகக் கேட்டது. டொக்டொக்டொக். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

நின்றது. எல்லாம்.

"தாங்குதுடா" என்றார் வைத்திலிங்கம். பிறகு திரும்பிப் பார்த்தார். அரியமுத்துவும் பார்த்தான்.

மேடு சரிந்திருந்தது. கற்களுக்கு நடுவே ஒரு கை. சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கை. உடையாத இரண்டு கண்ணாடி வளையல். விரல்கள் விரிந்தன. மூடின. விரிந்தன.

"ரிவர்ஸ் எடு."

அவன் அழுதான். கியரைப் போட்டான். சக்கரம் மெல்லப் பின்னால் உருண்டது. விரல்கள் டயரைத் தொட்டன. தடவிப் பார்த்தன. பிறகு, தூக்கிவிட யாரோ வந்துவிட்டார்கள் என்பதுபோல், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.