குறை: இல்லை

காலை ஆறு மணிக்கு மருத்துவமனை மீள்வுக்கூடத்தின் சுவர் பேசியது. "அமலோற்பவம். இரண்டாம் நாள். எழுந்து நாற்பது அடி நடக்கவும்."

அமலோற்பவம் பதில் சொன்னாலும் கேட்கச் சுவருக்குக் காது கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவள் அவள். குடலில் ஒரு முழத் துண்டை வெட்டியெடுத்து மீதியை ஒட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுந்தாள். நேராக எழுந்தால் தையல் இழுக்கும் என்பதை முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அவள் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மெய்ப்பட்டை ஒட்டியிருந்தது. நாடி, சூடு, குடலின் அசைவு எல்லாவற்றையும் அது படித்தது. தலைமாட்டில் இருந்த விளக்கு பச்சையாக எரிந்தால் எல்லாம் சரி. வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்கும் அதே நிறம் கைபேசியில் தெரியும். தொற்று பயத்தால் ஐந்து நாளைக்கு யாரும் உள்ளே வர முடியாது. நோயாளிக்குக் கைபேசியும் கிடையாது.

அடுத்த கட்டிலில் பேச்சிக்கனி. முப்பத்தெட்டு வயது, புதியம்புத்தூரில் தையல் நிலையம் வைத்திருப்பவள். அவளுக்கும் குடல் அறுவைதான், அமலோற்பவத்துக்கு ஒரு நாள் முன்னால் நடந்தது. ஒரே நாளில் இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பேச்சிதான் சொல்லித்தந்தாள். காற்று பிரிகிற வரைக்கும் கஞ்சி கிடையாது. அது பிரிந்ததும் சுவர் அறை முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கும். அதற்கு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று பேச்சி சிரிக்கவில்லை.

"அக்கா, வலது தோள்பட்டை குத்துது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. காத்தும் பிரியல."

செவிலி செல்வரதி வந்ததும் அவளிடமும் அதையே சொன்னாள். செல்வரதி விளக்கைப் பார்த்தாள். பச்சை.

"பட்டை ஒண்ணும் காட்டலியேம்மா."

"அது காட்டலன்னா என்ன, அவ சொல்லுதால்லா. எழுதிக்கிடுங்க," என்றாள் அமலோற்பவம்.

"எழுத இடமில்லக்கா." செல்வரதி கைப்பலகையைத் திருப்பிக் காட்டினாள். நோயாளியின் குறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இல்லை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. விரலால் தொட்டாலும் அது மாறவில்லை. "சொல்விலக்குச் சட்டம் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்."

சட்டம் வந்தபோது அமலோற்பவமும் அதை ஆதரித்தவள்தான். அந்தக் காலத்தில் சத்தம் போடுகிறவனுக்கு முதலில் மருந்து கிடைத்தது. வாயில்லாதவர்கள் வராந்தாவில் கிடந்து செத்தார்கள். உடம்பு பொய் சொல்லாது, அதைக் கேட்டால் போதும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. வாய் சொல்வதை வைத்து வைத்தியம் பார்த்தால் உரிமம் போய்விடும் என்பதையும் அதோடு சேர்த்திருந்தார்கள்.

மதியம் பேச்சியின் விளக்கு மஞ்சளானது. இனியாவது யாராவது வந்து பார்ப்பார்கள் என்று அமலோற்பவத்துக்கு உயிர் வந்தது. சுவர், "நாடி உயர்வு. காரணம், பதற்றம்," என்றது. குழாய் வழியே அமைதி மருந்து இறங்கியது. கால் மணி நேரத்தில் விளக்கு மறுபடியும் பச்சை. பேச்சியின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"எனக்குப் பயமில்ல. வலிக்கி," என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் அமலோற்பவத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. சேரும்போது படித்த விதிகளில் ஒன்று, பட்டையில்லாத உடம்பை மருத்துவர் பத்து நிமிடத்துக்குள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றது. பேச்சியின் பட்டையைப் பிய்த்துவிட்டால் போதும். ஆனால் பிய்த்த நோயாளியை ஒத்துழையாதவர் என்று பதிந்து, மீள்வுக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்றும் அதே விதி சொன்னது. பேச்சி அனுப்பப்பட்டுவிட்டால் எங்கே போவாள்? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவள் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

விடிந்தபோது பேச்சியின் உதடு காய்ந்து நீலம் பாரித்திருந்தது. விளக்கு பச்சை. அமலோற்பவம் புரண்டு, முழங்கை ஊன்றி எழுந்தாள். தலையணையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு நாலு எட்டு வைத்துப் போய், பேச்சியின் பட்டையை ஒரே இழுப்பில் உரித்தாள். மணி அலறியது.

ஓடிவந்த மருத்துவர் இளவயதுக்காரர். பேச்சியின் வயிற்றில் கைவைக்கத் தயங்கினார். வைத்தார். அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"நேத்து காலையிலேர்ந்து சொல்லுதா," என்றாள் அமலோற்பவம். "ஒங்க செவுத்துகிட்டகூடச் சொன்னா."

ஒட்டிய குடல் விட்டுப்போயிருந்தது. பேச்சியை அறுவைக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பதினோரு மணிக்குச் செல்வரதி மட்டும் வந்து, யாரையும் பார்க்காமல் அந்தக் கட்டிலின் விரிப்பை உருவினாள்.

"போயிட்டாளா?"

செல்வரதி தலையை ஆட்டினாள்.

"அவ சொன்னத இப்பவாவது எழுதுவியா?"

"கட்டம் தொறக்காதுக்கா." செல்வரதி விரிப்பைச் சுருட்டினாள். "நான் மட்டும் என்ன செய்ய?"

"கத்தியிருக்கலாம்ல. நானும் கத்தியிருக்கலாம். பச்சையப் பாத்துட்டு ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்."

நாற்பது நாள் கழித்து, பாரம் தூக்கக்கூடாது என்ற கட்டளையோடு வீட்டிலிருந்த அமலோற்பவம் பேருந்து ஏறிப் புதியம்புத்தூருக்குப் போனாள். பேச்சியின் கணவர் சண்முகவேல் கதவைத் திறந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளே பேச்சியின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"அவளப் பத்திப் பேசணும்னா வேண்டாம்," என்றார். "நாலு நாளும் வாசல்லதான் கெடந்தேன். ஒரு கால் மணி நேரம் மஞ்சளானதத் தவிர, ஃபோன்ல பச்சையா எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தா, குறை இல்லைன்னு போட்டிருக்கு. வலிய மறைச்சிருக்கா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான், எதையும் வெளிய சொல்லமாட்டா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பொழச்சிருப்பா. என்னையும் பிள்ளையையும் நெனச்சுப் பாத்தாளா?"

அமலோற்பவத்துக்கு அப்போதுதான் விளங்கியது. உயிரை எடுத்தது போதாது என்று, பழியையும் செத்தவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

"சொன்னா," என்றாள். "காலையில சிஸ்டர்கிட்ட சொன்னா. மத்தியானம் மஞ்ச லைட்டு எரிஞ்சப்ப மறுபடியும் சொன்னா. அமைதி மருந்த ஏத்தின பொறவும் எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தா. அவ மறைக்கல. எழுத வழியில்லாம வச்சிருக்காங்க. அந்த 'இல்லை' அவ சொன்னதில்ல, அவ அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே அச்சடிச்சு வச்சது. ராத்திரிக்கு முன்னால பட்டையப் பிச்சிருந்தா ஒருவேள பொழச்சிருப்பா. பிய்க்காம விட்டது நான். கோவப்படணும்னா எம்மேல படுங்க."

சண்முகவேல் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்து, "எங்க வலிக்குதுன்னு சொன்னா?" என்று கேட்டார்.

"வலது தோள்பட்டையில."

அவர் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்காமலே எழுந்துபோய், படத்தின் முன்னால் நின்றார்.

"நாப்பது நாளா இவகூட நான் பேசலக்கா," என்றார்.